ஒரு பாக்கெட், மூன்று வாசல்: எஃப்பிஜிஏவில் மல்டிகாஸ்ட் ஸ்விட்ச் கட்டிய பதிவு

ஆர்ட்டி ஏ7 என்ற எஃப்பிஜிஏ பலகையில் (எஃப்பிஜிஏ என்பது உள்ளே இருக்கும் சுற்றை நாமே வடிவமைத்துக்கொள்ளக்கூடிய சிப்) கட்டிக்கொண்டிருந்த நான்கு போர்ட் ஈதர்நெட் ஸ்விட்ச் ஒருவழியாக மல்டிகாஸ்டை, அதாவது ஒரே பாக்கெட்டைக் கேட்ட பலருக்கும் அனுப்புவதை, ஒழுங்காகக் கையாள்கிறது. ஒரு போர்ட்டில் நுழையும் வீடியோ ஸ்ட்ரீம், அதைக் கேட்டவர்கள் இருக்கும் போர்ட்டுகளுக்கு மட்டும் போகிறது. கேட்காத போர்ட்டில் அந்த ஸ்ட்ரீமின் ஒரு பாக்கெட்கூடத் தலைகாட்டுவதில்லை. இரவு முழுக்க ஓடவிட்டாலும், பாக்கெட்டுகள் காத்திருக்கும் பஃபர் மெமரி கசிவதில்லை, அதாவது எடுத்த இடம் திரும்பி வராமல் போவதில்லை.

அந்தக் கசிவை நிறுத்தத்தான் அதிக உழைப்பு போனது. ஒரு பாக்கெட்டை மூன்று பேருக்கு அனுப்புவது ஹார்டுவேரில் பெரிய வேலையே இல்லை. அந்த மூன்று பேரும் அதை எடுத்து முடித்துவிட்டார்களா என்று பிழையில்லாமல் தெரிந்துகொள்வதுதான் மல்டிகாஸ்ட் ஸ்விட்சின் உண்மையான வேலை. இதே மாதிரி கட்ட நினைப்பவர்களுக்கு உதவும் என்று, நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

ஏன் கட்டினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கிற சாதாரண அன்மேனேஜ்ட் ஸ்விட்சில் 30 மெகாபிட் மல்டிகாஸ்ட் ஸ்ட்ரீம் ஒன்றை ஓடவிட்டால், அது எல்லாப் போர்ட்டிலும் கொட்டும். அந்த வகை ஸ்விட்சுக்கு மல்டிகாஸ்டும் பிராட்காஸ்டும் ஒன்றுதான். யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பார்க்கும் ஸ்விட்ச் வாங்கக் கிடைக்கிறது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை. அதற்குக் கட்டித்தான் பார்க்க வேண்டும்.

பலகையும் ஒயரும்

ஆர்ட்டி ஏ7-35டி ஏற்கெனவே கையில் இருந்தது. அதில் 20,800 எல்யூடி (லாஜிக்கைக் கட்டும் சின்னத் துண்டு), சிப்புக்குள்ளேயே இருக்கும் மெமரியான பிளாக் ராம் 36 கிலோபிட் வீதம் 50. மொத்தம் 1,800 கிலோபிட், அதாவது 225 கிலோபைட். பலகையில் சொந்தமாக ஒரே ஒரு ஈதர்நெட் போர்ட்தான் உண்டு. அதைத் தொடாமல், ஈதர்நெட் கேபிளின் சிக்னலை பிட்டுகளாக மாற்றும் நான்கு லேன்8720 மாட்யூல்களைத் தனியாக வாங்கி, ஜேஏ, ஜேபி, ஜேசி, ஜேடி என்ற நான்கு பிமாட் (வெளி மாட்யூலைச் செருகும்) சாக்கெட்டுகளில் ஆளுக்கொன்றாக இணைத்தேன். மாட்யூல் ஒன்று 350 ரூபாய் அளவில். ஒயர், ஹெட்டர், பிசிபி துண்டு எல்லாம் சேர்த்துப் புதிதாகச் செலவானது இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது.

லேன்8720 எஃப்பிஜிஏவோடு பேசும் இணைப்பு முறை ஆர்எம்ஐஐ. 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக்குக்கு இரண்டு பிட் வீதம் வரும், இரண்டு பிட் வீதம் போகும். அனுப்ப மூன்று ஒயர், வாங்க மூன்று ஒயர், கிளாக் ஒன்று, ஆக ஏழு. ஒரு பிமாட்டில் சிக்னல் முனைகள் எட்டு. கச்சிதமாக அடங்குகிறது. மாட்யூலின் நிலையைப் படிக்கவும் அமைப்பை மாற்றவும் உதவும் எம்டிஐஓ ஒயர்களை இணைக்கவில்லை. பவர் வந்ததும் தானாகவே வேகத்தைப் பேசி முடிவு செய்யும் நிலையில்தான் மாட்யூல் எழுகிறது. எதிர்முனைகள் எல்லாம் 100 மெகாபிட் என்று வைத்துக்கொண்டேன்.

முதல் இடைஞ்சல் கிளாக்கில் வந்தது. ஒவ்வொரு மாட்யூலிலும் தனித்தனி 50 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் இருக்கிறது. அப்படியே விட்டால் எஃப்பிஜிஏவுக்குள் நான்கு வேறு கிளாக்குகள் நுழையும். அதிலும் ஜேஏ, ஜேசி இரண்டிலும் கிளாக் உள்ளே நுழைவதற்கு ஏற்ற முனையே கிடையாது. எனவே நான்கு மாட்யூலிலிருந்தும் ஆஸிலேட்டரைக் கழற்றிவிட்டு, எஃப்பிஜிஏவே எல்லாருக்கும் ஒரே கிளாக்கைக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

கழற்றும் முறை இது: ஹாட் ஏர் 320 டிகிரி, குறுகிய மூக்கு, பக்கத்தில் இருக்கும் சிப்பின் மேல் கேப்டான் டேப். ஆஸிலேட்டரைச் சுற்றி ஃப்ளக்ஸ் தாராளமாக விட்டு, அது தானாக அசையும்வரை காத்திருந்து, ட்வீஸரால் மேலே தூக்க வேண்டும். அவசரப்பட்டு நெம்பினால் பேட் கையோடு வந்துவிடும். கீழே நான்கு பேட் தெரியும். ஆஸிலேட்டரின் மூலையில் புள்ளி வைத்த முனை ஒன்றாம் எண். அதற்கு மூலைவிட்டத்தில் எதிரே இருப்பது மூன்றாம் எண், அதுதான் கிளாக் வெளிவரும் இடம். அந்தப் பேடில் 30 கேஜ் ஒயர்ராப் கம்பியைப் பற்றவைத்து, கம்பி இழுபடாமல் இருக்க மாட்யூலின் ஓரத்தில் ஒரு சொட்டுப் பசை வைத்தேன்.

அடுத்தது 200 ஓம். ஆர்ட்டியில் ஜேபி, ஜேசி இரண்டும் வேகமான சிக்னலுக்காக நேரடியாக எஃப்பிஜிஏவுக்குப் போகின்றன. ஜேஏ, ஜேடி இரண்டிலும் ஒவ்வொரு முனைக்கும் 200 ஓம் ரெசிஸ்டர் தொடராக இருக்கிறது. தவறுதலாக ஷார்ட் ஆனால் சிப்பைக் காப்பாற்ற வைத்தது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கை அதன் வழியாக அனுப்பினால் விளிம்பு சரிந்து போகிறது. அந்த இரண்டு போர்ட்டிலும் சிஆர்சி பிழை (பாக்கெட்டின் கடைசியில் வரும் சரிபார்ப்பு எண் பொருந்தாத பிழை) விடாமல் வந்துகொண்டிருந்தது.

தீர்வு கையருகிலேயே இருந்தது. ஜேபி, ஜேசி இரண்டிலும் எட்டாவது முனை சும்மாதானே கிடக்கிறது? ஜேஏ மாட்யூலுக்கான கிளாக்கை ஜேபியின் எட்டாவது முனையிலிருந்தும், ஜேடிக்கானதை ஜேசியின் எட்டாவது முனையிலிருந்தும் எடுத்தேன். டேட்டா ஒயர்கள் மட்டும் 200 ஓம் வழியே போகின்றன. ஒரு பிட்டுக்கு 20 நானோ விநாடி இருப்பதால் டேட்டா அந்தத் தாமதத்தைத் தாங்குகிறது. ஜம்பர் ஒயர்களையும் 20 சென்டிமீட்டரிலிருந்து 6 சென்டிமீட்டராக வெட்டி, கிளாக் கம்பியோடு ஒரு கிரவுண்ட் கம்பியைச் சேர்த்து முறுக்கினேன்.

அதன் பிறகும் பிழை முழுதாகப் போகவில்லை. கிளாக் எஃப்பிஜிஏவிலிருந்து மாட்யூலுக்குப் போய், அங்கிருந்து டேட்டா திரும்பி வர நேரம் ஆகிறது. சிப் மட்டுமே டேட்டாவை வெளியே வைக்க 14 நானோ விநாடி வரை எடுக்கலாம். போகவர ஆகும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு கிளாக் சுற்றையே தாண்டிவிடும். எனவே உள்ளே வரும் டேட்டாவைப் படிக்க, எஃப்பிஜிஏவுக்குள் கிளாக்குகளை உண்டாக்கும் எம்எம்சிஎம்மிலிருந்து கட்டம் (ஃபேஸ்) தள்ளிய இன்னொரு 50 மெகாஹெர்ட்ஸ் எடுத்தேன். கட்டத்தை 22.5 டிகிரி வீதம் நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் சிஆர்சி பிழையை எண்ணினேன். நான்கு போர்ட்டும் சேர்ந்து சுத்தமாக இருந்த பகுதி 112.5 முதல் 202.5 டிகிரி. நடுவில் 157.5இல் நிறுத்தினேன். அனுப்பும் பக்கத்தில் டேட்டாவைக் கிளாக்கின் இறங்கு விளிம்பில் மாற்றினால், சிப் படிக்கும் ஏறு விளிம்புக்கு முன்னும் பின்னும் தாராளமாக 10 நானோ விநாடி கிடைக்கிறது.

கருவி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலிவாகக் கிடைக்கும் 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர் இந்த வேலைக்குத் துளியும் உதவாது. எஃப்பிஜிஏ வடிவமைக்கும் மென்பொருளான விவாடோவில் கிடைக்கும், சிப்புக்குள்ளேயே சிக்னலைப் பதியும் ஐஎல்ஏதான் கை கொடுத்தது. அதுவும் பிளாக் ராமைத்தான் சாப்பிடும் என்பதால், கடைசியில் கொஞ்சம் பிளாக் ராமை அதற்காக மிச்சம் பிடித்தே வடிவமைத்தேன்.

ஃபிரேமின் வால்

ஃபிரேமை (ஈதர்நெட் லைனில் பாக்கெட் பயணிக்கும் வடிவம்) உள்ளே வாங்கும் பகுதியில் ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும். ஆர்எம்ஐஐயில் சிஆர்எஸ்-டிவி என்ற ஒரே ஒயர், லைனில் கேரியர், அதாவது சிக்னல், இருக்கிறது என்பதையும் டேட்டா சரியானது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. ஃபிரேமின் கடைசியில் கேரியர் போய்விட்டாலும், சிப்புக்குள் தேங்கிய பிட்டுகள் இன்னும் வந்துகொண்டிருக்கும். அப்போது அந்த ஒயர் ஒரு கிளாக் கீழே, ஒரு கிளாக் மேலே என்று ஆடும். முதல் தடவை கீழே போனதுமே ஃபிரேம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டால் வால் பைட்டுகள் வெட்டுப்பட்டு சிஆர்சி தோற்கும். அடுத்தடுத்த இரண்டு கிளாக்கிலும் கீழே இருந்தால்தான் முடிவு. இதைத் திருத்தியதும் நான்கு போர்ட்டும் மணிக்கணக்கில் ஒரு பிழைகூட இல்லாமல் ஓடின.

முதல் வடிவம்: கிராஸ்பார்

உள்ளே வரும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு வரிசை, நடுவில் எந்த உள்வாசலையும் எந்த வெளிவாசலோடும் இணைக்கும் ஒரு கிராஸ்பார். முதலில் கட்டியது இதுதான். கிராஸ்பாரில் ஒரு உள்வாசல் மூன்று வெளிவாசலுக்கு ஒரே நேரத்தில் இணைவதற்குத் தனியாக எதுவும் தேவையில்லை. வெளிவாசலில் இருக்கும் மல்டிபிளெக்சர்கள் மூன்றும் அதே உள்வாசலைத் தேர்ந்தெடுத்தால் நகல் தானாக உண்டாகிறது. எழுதவும் எளிது, ஓடியபோது பார்க்கவும் அழகு. ஒரே ஸ்ட்ரீம் மட்டும் ஓடும்வரை.

பிறகு குறுக்குப் போக்குவரத்து வைத்தேன். முதல் போர்ட்டிலிருந்து 30 மெகாபிட் மல்டிகாஸ்ட் மற்ற மூன்றுக்கும். கூடவே இரண்டிலிருந்து மூன்றுக்கும், மூன்றிலிருந்து நான்குக்கும், நான்கிலிருந்து இரண்டுக்கும் 60 மெகாபிட் யூனிகாஸ்ட், அதாவது ஒருவருக்கு மட்டும் போகும் பாக்கெட்டுகள். ஒவ்வொரு வெளிவாசலிலும் மொத்தம் 90. கணக்குப்படி எல்லாம் தாராளமாக அடங்க வேண்டும். மல்டிகாஸ்ட் பெரும்பகுதி செத்துப்போனது.

கூட்டமான பந்தியில், நால்வருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தால்தான் உட்காருவோம் என்று நிற்கும் குடும்பத்தின் கதைதான் இது. ஒவ்வொரு வெளிவாசலும் 40% நேரம் காலி. மூன்றும் ஒரே கணத்தில் காலியாக இருப்பது 0.4×0.4×0.4, அதாவது 6.4% நேரம்தான். மல்டிகாஸ்டுக்கு வேண்டியதோ 30%. சரி, காலியாகும் வாசலைப் பிடித்துவைத்துக்கொண்டு மற்றது காலியாகும்வரை காத்திருக்கலாம் என்று மாற்றினால், பிடித்துவைத்த வாசல் சும்மா கிடக்கிறது. இப்போது யூனிகாஸ்ட் அடிவாங்குகிறது.

அடுத்த மாற்றம், காலியாக இருக்கும் வாசல்களுக்கு இப்போதே அனுப்பிவிட்டு, மீதியைப் பிறகு அனுப்புவது. ஒவ்வொரு பாக்கெட்டோடும் நான்கு பிட் வைத்து, அனுப்பிய வாசலின் பிட்டை அழித்துக்கொண்டே வந்து, எல்லாம் அழிந்ததும் வரிசையிலிருந்து பாக்கெட்டை எடுப்பது. இதில் மேலே சொன்ன சோதனை தேறியது. ஆனால் முதல் போர்ட்டில் மல்டிகாஸ்டோடு யூனிகாஸ்டையும் கலந்து, நான்காம் வெளிவாசலில் நெரிசலைக் கூட்டியபோது வேறு தொல்லை வந்தது. மல்டிகாஸ்ட் பாக்கெட் நான்காம் வாசலுக்காகக் காத்திருக்கும்போது, அதன் முதுகுக்குப் பின்னால் இரண்டாம் வாசலுக்குப் போகவேண்டிய பாக்கெட் மாட்டிக்கொள்கிறது. இரண்டாம் வாசலோ காலியாக இருக்கிறது. முன்னால் நிற்பவர் மறிக்கும் இந்தப் பிரச்சினையால், இலக்குகள் சீராகப் பரவியிருக்கும் வெறும் யூனிகாஸ்ட்டிலேயே 4×4 ஸ்விட்ச் 65.5% சுமைக்கு மேல் தாங்காது, போர்ட் கூடக்கூட அது 58.6% வரை இறங்கும் என்று கரோல், லூச்சி, மார்கன் மூவரும் 1987இலேயே கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். மல்டிகாஸ்ட் சேர்ந்தால் இன்னும் மோசம்.

பெரிய ரவுட்டர்களில் உள்வாசலில் மல்டிகாஸ்டுக்குத் தனி வரிசை வைத்து இதைச் சமாளிக்கிறார்கள். சிஸ்கோ 12000இல் இருந்த ஈஸ்லிப் முறையில், எல்லா வெளிவாசல்களும் மல்டிகாஸ்டுக்கு, அடுத்து யார் முறை என்று காட்டும் ஒரே பொது பாயிண்டரைப் பார்க்கும். அதனால் எல்லாரும் ஒரே உள்வாசலுக்கு முன்னுரிமை கொடுக்க, ஒரு பாக்கெட் சட்டென்று முடிந்துவிடும். மிக நல்ல யோசனை. ஆனால் அது மெமரியின் வேகம் போதாத இடத்துக்கானது. எனக்கு நான்கே போர்ட், தலைக்கு 100 மெகாபிட். உள்ளே 400, வெளியே 400, மொத்தம் 800 மெகாபிட். 32 பிட் அகல மெமரி 50 மெகாஹெர்ட்ஸில் 1,600 மெகாபிட் தருகிறது. கிராஸ்பாரை வைத்துக்கொண்டு போராடக் காரணமே இல்லை. பிரித்துப் போட்டுவிட்டு, எல்லாருக்கும் பொதுவான ஒரே மெமரிக்கு மாறினேன்.

இரண்டாவது வடிவம்: பொது மெமரி

128 கிலோபைட் பஃபர், 32 பிளாக் ராம். அதை 256 பைட் செல்களாகப் பிரித்தால் 512 செல். 1,518 பைட் ஃபிரேமுக்கு ஆறு செல். எட்டு கிளாக் கொண்ட ஒரு சக்கரம்: நான்கு கிளாக்கில் உள்ளே வருபவர்கள் எழுதுவார்கள், நான்கு கிளாக்கில் வெளியே போகிறவர்கள் படிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் எட்டு கிளாக்குக்கு ஒருமுறை 32 பிட். அவர்களுக்குத் தேவையோ 16 பிட்தான்.

இந்த அமைப்பில் மல்டிகாஸ்டுக்கு ஆகும் கூடுதல் மெமரி வேகம் பூஜ்யம். எழுதுவது ஒருமுறை. படிப்பது மூன்று முறையானாலும், ஒவ்வொரு வெளிவாசலும் தனக்கு உரிய முறையில்தான் படிக்கிறது. டேட்டாவை யாரும் நகல் எடுப்பதில்லை, அது மெமரியில் எங்கே இருக்கிறது என்று காட்டும் பாயிண்டரை மட்டும் மூன்று வரிசையில் போடுகிறோம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூனிகாஸ்ட் மட்டும் கையாளும் பொது மெமரி ஸ்விட்சில், வெளிவாசல் வரிசையையே லிங்க்டு லிஸ்ட்டாக வைப்பது வழக்கம். ஒவ்வொரு பாக்கெட்டும் தனக்கு அடுத்த பாக்கெட்டைக் காட்டும். மெமரி மிச்சம். மல்டிகாஸ்ட் வந்ததும் இது உடைகிறது. ஒரே பாக்கெட் மூன்று வரிசையில் நிற்கும்போது, ஒவ்வொரு வரிசையிலும் அதற்கு அடுத்து நிற்பது வேறு வேறு பாக்கெட். ‘அடுத்தது’ என்று எழுத இருப்பதோ ஒரே இடம். எனவே பாக்கெட்டுக்குள் இருக்கும் செல்களை மட்டும் லிங்க்டு லிஸ்ட்டாகக் கோத்தேன், அது எல்லாருக்கும் பொது. வெளிவாசல் வரிசைகளைத் தனித்தனி ஃபைஃபோவாக (முதலில் வந்தது முதலில் போகும் வரிசை) வைத்தேன். ஒரு பதிவுக்கு முதல் செல்லின் எண் 9 பிட், நீளம் 11 பிட், மொத்தம் 20 பிட். 512 ஆழத்துக்கு ஒரு போர்ட்டுக்குப் பாதி பிளாக் ராம் போதும்.

செல்லைத் திருப்பித் தருவதற்கு, பாக்கெட்டின் முதல் செல் எண்ணை வைத்து ஒரு 3 பிட் எண்ணிக்கை. எத்தனை வரிசையில் போட்டோமோ அத்தனை. ஒரு வெளிவாசல் அனுப்பி முடித்ததும் ஒன்று குறைக்கும். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தவர் செல்களை காலிப் பட்டியலுக்குத் திருப்பித் தர வேண்டும். வரிசையில் போடும்போது ஒரு வாசலின் வரிசை நிரம்பியிருந்தால் அந்த வாசலை மட்டும் விட்டுவிட்டு, உண்மையில் ஏற்றுக்கொண்ட வாசல்களின் எண்ணிக்கையைத்தான் எழுத வேண்டும். ஒருவரும் ஏற்கவில்லை என்றால் அப்போதே விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் யாருமே எடுக்காத பாக்கெட் காலம் முழுக்க உள்ளேயே கிடக்கும்.

காலி செல் எண்ணிக்கையை விநாடிக்கு ஒருமுறை யூஎஸ்பி சீரியலில் அச்சிட வைத்தேன். இந்த வேலையில் எடுத்த முடிவுகளில் இதைத்தான் மிகச் சிறந்தது என்பேன். போக்குவரத்து இல்லாதபோது அது 508 காட்ட வேண்டும். ஒவ்வொரு உள்வாசலும் அடுத்த ஃபிரேமுக்காக ஒரு செல்லை முன்கூட்டியே கையில் வைத்திருப்பதால் 512இல் நான்கு குறையும்.

மல்டிகாஸ்டை ஓடவிட்டதும் 508 பூஜ்யமானது. பெரிய பாக்கெட் என்றால் 84 பாக்கெட்டில் பஃபர் தீர்ந்துவிடும். 30 மெகாபிட்டில் விநாடிக்கு சுமார் 2,550 பாக்கெட். சீரியலில் அடுத்த வரி வருவதற்குள் கதை முடிந்துவிடும். வினோதம் என்னவென்றால், குறுக்கே யூனிகாஸ்ட் சுமையை ஏற்றிவிட்டு மல்டிகாஸ்டைத் தொடங்கினால் வெகுநேரம் தாங்கியது, எண்ணிக்கை மெல்ல மெல்லத்தான் இறங்கியது. சுமை இருந்தால் பிழைக்கிறது, சும்மா இருந்தால் சாகிறது.

அந்த வித்தியாசம்தான் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. வெளிவாசல்கள் சும்மா இருக்கும்போது மல்டிகாஸ்ட் பாக்கெட் வந்தால், எல்லாரும் ஒரே சுற்றில் அனுப்பத் தொடங்குவார்கள். நீளம் ஒன்றுதான், எனவே ஒரே சுற்றில் முடிப்பார்கள். அடுத்தடுத்த கிளாக்கில் ஒரே எண்ணிக்கையைக் குறைக்க வருவார்கள். பிளாக் ராமில் இந்தக் கிளாக்கில் கேட்டால் அடுத்த கிளாக்கில்தான் விடை வரும், அப்போதுதான் குறைத்து எழுத முடியும். அதே கிளாக்கில் பக்கத்து வாசல் படிக்க வந்து நிற்கிறது. அது பார்ப்பது பழைய எண். இரண்டு பேர் குறைத்தும் ஒன்றுதான் குறைந்திருக்கும், எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொடவே தொடாது. சுமை இருந்தால் வாசல்கள் வெவ்வேறு நேரத்தில் முடிப்பதால் மோதல் எப்போதாவதுதான் நடக்கும். சிமுலேஷனில் கொடுத்த சோதனைகள் எல்லாமே சுமையோடும் சீரற்ற இடைவெளியோடும் இருந்தன. அதனால் அங்கே இது கண்ணில் படவே இல்லை.

திருத்தம் மிகச் சிறியது. சக்கரத்தில் முதலில் நான்கு எழுத்து, பிறகு நான்கு படிப்பு என்று இருந்ததை, எழுத்து, படிப்பு, எழுத்து, படிப்பு என்று மாற்றி மாற்றி அடுக்கினேன். இப்போது இரண்டு வெளிவாசல்களுக்கு நடுவே எப்போதும் ஒரு கிளாக் இடைவெளி உண்டு. முன்னவர் எழுதி முடித்த பிறகே பின்னவர் படிக்கிறார். உள்வாசல் புது எண்ணிக்கையை எழுதுவது பிளாக் ராமின் மறு போர்ட்டில், அதனால் அங்கேயும் மோதல் இல்லை. 508 இறங்கியது, ஏறியது, போக்குவரத்தை நிறுத்தியதும் 508க்கே திரும்பியது.

ஒரு வாசலில் நெரிசல் வந்தால் அதன் வரிசை மொத்த மெமரியையும் விழுங்கிவிடும் என்பது அடுத்துத் தெரிந்தது. இதற்கு 1998இல் சௌத்ரியும் ஹானும் எழுதிய மாறும் வரம்பு முறையை எடுத்துக்கொண்டேன். ஒரு வரிசையின் நீளம், இப்போது காலியாக இருக்கும் செல்களின் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பங்கை அரை என்று வைத்தால் ஒரு பிட் வலப்பக்கம் தள்ளினால் போதும், பெருக்கலே வேண்டாம். மல்டிகாஸ்ட் பாக்கெட்டின் செல்களை அது நிற்கும் ஒவ்வொரு வரிசையின் கணக்கிலும் முழுதாக எழுதுகிறேன். மெமரியில் இருப்பதைவிடக் கணக்கு கூடுதலாகக் காட்டும்தான். ஆனால் நெரிசல் உள்ள வாசல் மல்டிகாஸ்டை முன்னதாகவே விட்டுவிடுவதால், மற்ற வாசல்களின் பங்கு காப்பாற்றப்படுகிறது.

யாருக்கு வேண்டும் என்று தெரிந்துகொள்வது

எந்தப் போர்ட்டில் யார் எந்த மல்டிகாஸ்ட் குழுவில் சேர்ந்தார்கள் என்பதை, ஹோஸ்ட்கள் (லைனில் இருக்கும் கணினிகள்) சேரவும் விலகவும் அனுப்பும் ஐஜிஎம்பி செய்திகளை ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐஜிஎம்பி இரண்டாம் பதிப்பை மட்டும் ஒரு ஸ்டேட் மெஷினாக (ப்ராசஸர் இல்லாமல் படிப்படியாக நிலை மாறும் சுற்று) எழுதினேன். ஹெக்ஸில் 16 என்றால் சேர்கிறேன், 17 என்றால் விலகுகிறேன், 11 என்றால் யார் இருக்கிறீர்கள் என்ற கேள்வி. லினக்ஸ் தானாகப் பேசுவது மூன்றாம் பதிப்பு, அதில் ஒரே செய்தியில் பல குழுக்கள் வரும். சோதனைக்கு வைத்த ராஸ்பெர்ரி பைகளில் கர்னல் அமைப்பை மாற்றி இரண்டாம் பதிப்பைக் கட்டாயமாக்கினேன்.

ஐபி தலைப்பு 20 பைட் என்று எண்ணி ஐஜிஎம்பியைத் தேடினால் கிடைக்காது. இந்தச் செய்திகளில் ரவுட்டர் அலர்ட் என்ற 4 பைட் ஆப்ஷன் ஒட்டிக்கொண்டு வரும், தலைப்பு 24 பைட். தலைப்பின் நீளத்தைச் சொல்லும் புலத்தைப் படித்துத்தான் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும்.

ஒரு குழுவில் இரண்டு பேர் இருந்தும் ஸ்விட்சுக்கு ஒருவரை மட்டும் தெரியும் நிலை வந்தது. இரண்டாம் பதிப்பில் ஓர் ஏற்பாடு உண்டு: கேள்வி வந்ததும், அதே குழுவில் வேறொருவர் பதில் சொல்வதைக் காதில் வாங்கினால் நான் வாயை மூடிக்கொள்வேன். பழைய ஒற்றைக் கேபிள் காலத்துக்கு அது சரி. நடுவில் ஸ்விட்ச் இருந்து, ஒருவரின் பதிலை மற்றவருக்கும் அனுப்பினால் அந்த மற்றவர் பேசவே மாட்டார். பதில்களை ரவுட்டர் இருக்கும் போர்ட்டுக்கு மட்டும்தான் அனுப்ப வேண்டும், மற்ற ஹோஸ்ட்களுக்கு அனுப்பக் கூடாது. இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 4541 இதைத் தெளிவாகச் சொல்கிறது. 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளை எப்போதும் எல்லாருக்கும் அனுப்ப வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது.

பிறகு ஸ்ட்ரீம் நான்கு நிமிடம் சொச்சம் ஓடி நின்றுபோவதைப் பார்த்தேன். இதுவும் ‘முடிந்துவிட்டதா’ என்ற அதே கேள்விதான், வேறு உருவத்தில். பவர் பிடுங்கப்பட்ட ஹோஸ்ட் விலகல் செய்தி அனுப்பாது. எனவே ஒவ்வொரு பதிவுக்கும் 260 விநாடி ஆயுள் வைத்திருந்தேன். 125 விநாடிக்கு ஒரு கேள்வி, அதில் இரண்டு மடங்கு, பதிலுக்கு 10 விநாடி, ஆக 260. என் மேசையில் ரவுட்டர் இல்லை, கேள்வி கேட்க ஆளே இல்லை. யாரும் கேட்காததால் ஹோஸ்ட்களும் சேர்ந்தபோது சொன்னதோடு நிறுத்திக்கொண்டன, பதிவு காலாவதியானது. ஸ்விட்சே 125 விநாடிக்கு ஒருமுறை கேள்வி அனுப்பும்படி செய்தேன். கேள்வி பாக்கெட்டின் பைட்டுகள் மாறவே மாறாது என்பதால் அதை ஒரு சின்ன ரோமில் (படிக்க மட்டும் முடியும் மெமரி) எழுதிவைத்து, ஐந்தாவது உள்வாசல் போல நான்கு வரிசையிலும் போட்டேன்.

எந்தக் குழு எந்தப் போர்ட்டுக்கு என்ற அட்டவணையை ஈதர்நெட் ஃபிரேமின் மேக் முகவரியில் வைப்பதா, ஐபியில் வைப்பதா என்பதும் யோசிக்க வேண்டியது. மல்டிகாஸ்ட் ஐபியின் கடைசி 23 பிட் மட்டுமே மேக் முகவரிக்குப் போகும். 32 ஐபி குழுக்களுக்கு ஒரே மேக். 239.1.1.1 குழுவும் 239.129.1.1 குழுவும் மேக்கில் ஒன்றுதான். முதலாவதைக் கேட்டவருக்கு இரண்டாவதும் போய்ச் சேரும். ஐபியைப் பார்த்தே முடிவு செய்யும்படி 32 பதிவுகள் கொண்ட அட்டவணை வைத்தேன். ஒரு சுற்றுக்கு ஒரு பதிவாக வரிசையாகத் தேடினாலும், பெரிய வீடியோ ஃபிரேம் முழுதாக வந்து சேர்வதற்குள் விடை வந்துவிடும்.

அளவீடு

மல்டிகாஸ்ட் சோதனைக்கு, நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் மென்பொருளின் இரண்டாம் பதிப்புதான் வேண்டும், மூன்றாவதில் மல்டிகாஸ்ட் கிடையாது. 1,470 பைட் யூடிபியில் 100 மெகாபிட் லைனில் அதிகபட்சம் கிடைக்கக்கூடியது 95.7 மெகாபிட். மல்டிகாஸ்ட் மட்டும் ஓடவிட்டபோது மூன்று போர்ட்டிலும் அந்த உச்சம் கிடைத்தது. கிராஸ்பாரைக் கவிழ்த்த அதே 30 + 60 சோதனையில் மூன்று வாசலிலும் இழப்பு பூஜ்யம். நான்காம் வாசலை மட்டும் 110க்கு ஏற்றினால் நான்காம் வாசலில் மட்டும் இழப்பு. இரண்டும் மூன்றும் அசையவில்லை. முழு ஃபிரேமையும் வாங்கிய பிறகே அனுப்புவதால் பெரிய ஃபிரேமுக்குக் குறைந்தது 121 மைக்ரோ விநாடி தாமதம் உண்டு. வீடியோவுக்கு அது பொருட்டில்லை.

மறுபடி கட்டினால் ஜம்பர் ஒயரைத் தொடவே மாட்டேன். பிமாட்டில் நேராகச் செருகும் சின்ன பிசிபி ஒன்று வரைந்து, கிளாக்கை அதிலேயே சமநீளத்தில் பிரித்துக் கொடுப்பேன். எம்டிஐஓவுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். கேபிளைப் பிடுங்கியது தெரிந்தால் அந்தப் போர்ட்டின் பதிவுகளை அப்போதே அழிக்கலாம், 260 விநாடி காத்திருக்கத் தேவையில்லை. 3 பிட் எண்ணிக்கைக்குப் பதிலாக, வாசலுக்கு ஒன்றாக நான்கு பிட் வைப்பேன். கசிந்தால் எந்த வாசல் விடுவிக்கவில்லை என்று சீரியலிலேயே தெரிந்துவிடும். ஐஜிஎம்பி மூன்றாம் பதிப்பை ஸ்டேட் மெஷினில் எழுதுவது வீண் உழைப்பு. அதற்கு பிக்கோஆர்வி32 போன்ற ஒரு சின்ன ப்ராசஸரை உள்ளே வைத்து, ஐஜிஎம்பி பாக்கெட்டுகளை மட்டும் அதற்கு அனுப்பப் போகிறேன். பொது மெமரிக்கு அது இன்னொரு வெளிவாசல், அவ்வளவுதான். சக்கரத்தை எட்டிலிருந்து பத்து கிளாக்காக நீட்டினால் இடம் கிடைக்கும்.